ரத்தினம் அண்ணனும் பேரில்லாத கட்டும்

ஐம்பத்திரண்டாம் வருஷம் என் அம்மாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போனவர், மலாக்காவில் காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டுப் பின்னறையில் கட்டிலோடு கிடந்தார். கோயில் நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் நடுவில் தகரக் கூரையும் சாலையும் பஸ் இரைச்சலும். மணி அடிப்பதுகூட உள்ளே கேட்காது. "பூசை ஆயிடுச்சா, பூசை ஆயிடுச்சா" என்று கேட்டுக்கொண்டே கிடப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன், பின்னறையிலிருந்து மேளச் சத்தம் வருகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஜன்னல் கம்பியில் ஒரு பிஸ்கட் டின் தொங்குகிறது. அதற்குள்ளிருந்து நாகஸ்வரமும் மணியும் குருக்களின் மந்திரமும் வருகின்றன. அம்மா நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டபடி அழுகிறார். கோயிலுக்குள் இருந்த சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வேலி ஓரமாக, நடுவில் இருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, யாரோ வயர் இழுத்திருந்தார்கள். யார் என்று கேட்டால் எல்லோரும் சிரித்தார்களே தவிரச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மீனாச்சி அக்காதான் வாசலில் நின்று கத்தினார்:

"ஏ பூங்காவனம், எங்க வீட்டு பிஸ்கட் டின்னு ஒண்ணு காணாமப் போச்சு. உங்க வீட்டு ஜன்னல்ல சாமி கும்பிடுதாம்ல?"

மீனாச்சி அக்காவின் வீட்டுக்காரர்தான் ராஜரத்தினம். நாங்கள் ரத்தினம் அண்ணன் என்போம். நான் நன்றி சொல்லப் போனபோது அவர் பஸ் பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "சத்தம் கூட இருந்தா சொல்லு தங்கச்சி, கொறைக்கலாம்" என்றார்.

அவர் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிப் போனார்கள். அவரோடு ஒரே லயத்து வரிசை வீடுகளிலிருந்து போன பதினேழு பேரில் நாலு பேர்தான் திரும்பினார்கள். அங்கே விளக்கு எரிக்கும் எஞ்சின் கொட்டகையில் எடுபிடியாக இருந்ததால் உயிர் பிழைத்தேன் என்பார். மின்சாரம் பற்றி அவருக்குத் தெரிந்த முதல் பாடம் அங்கே படித்ததுதான். காய்ச்சலில் இடது காது போய்விட்டது. மலாக்காவுக்கு வந்து பஸ் கம்பெனியில் பேட்டரியும் லைட்டும் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில், சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்ட வால்வுகளையும் காது போனையும் வாங்கி ரேடியோப் பெட்டி கட்டினார்.

கடையில் விற்கும் ரேடியோ அப்போது எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்க முடியாத சாமான். ரத்தினம் அண்ணன் தாம் கட்டிய பெட்டியின் படத்தை பஸ் கம்பெனியின் பழைய நேர அட்டவணைத் தாளின் பின்பக்கம் வரைந்து, கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று கோடு கோடாக இருக்கும். அப்படி வாங்கிப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. முனிசிபாலில் தண்ணீர்க் குழாய் வேலை பார்த்த சுப்பையன், கம்பிச் சுருளை அட்டையில் சுற்றினால் கடல் ஈரத்தில் உப்பிப் போகிறது, மூங்கிலை மெழுகுவத்தி மெழுகில் வேகவைத்து அதில் சுற்றினால் நிற்கிறது என்று கண்டுபிடித்து ஒரு தாள் கொண்டுவந்து கொடுத்தார். செட்டி கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்த ஏகாம்பரம், ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், கிணற்றடி ஈர மண்ணில் செப்புத் தகடு புதைத்தால் கரகரப்பு குறைகிறது என்று இன்னொரு தாள். பல தலைமுறைக்கு முன்னே வந்து குடியேறிய குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. கும்பிடுவது எங்கள் சாமி, பேசுவது மலாய். எழுத்து வேண்டாம், கோடு போதும் என்பதால் அவர் தாளை நாங்கள் படித்தோம், எங்கள் தாளை அவர் படித்தார்.

இப்படிச் சேர்ந்த தாள்களை நான் தடித்த நூலால் ஓரம் தைத்துக் கட்டினேன். அதற்கு நாங்கள் வைத்த பேர் 'கட்டு'. ரத்தினம் அண்ணன் வீட்டு முன்னறையில் அம்மன் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். எதையாவது மாற்றி அது முன்னைவிட நன்றாகப் பாடினால், அந்த மாற்றத்தை வரைந்து கட்டில் சேர்த்துவிட வேண்டும். தாளில் பேர் எழுதக் கூடாது. படத்தை விற்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம். பதினொரு பேர் அதில் கை வைத்தார்கள். என் தம்பி ஜெயபாலனும் ஒருவன். இங்கிலீஷ் ஸ்கூலில் படித்து, அரசாங்க ஆபீசில் கிராணி என்கிற குமாஸ்தா வேலையில் இருந்தான். அப்பா இல்லாத வீட்டில் நான் தையல் தைத்துப் படிக்கவைத்த பிள்ளை. தோட்டப் பள்ளியில் ஆறாவதோடு நின்றுவிட்ட எனக்கு அவன் கிராணி ஆனது அம்மனே கொடுத்த வரம் மாதிரி இருந்தது.

ஐம்பத்தைந்தில் அந்த உத்தரவு வந்தது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வீட்டில் கட்டிய பெட்டியை யாராவது மாற்றிக் காட்டுக்குச் செய்தி அனுப்பிவிடுவார்களோ என்று அரசாங்கத்துக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து ரத்தினம் அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார, ஜெயபாலன் இங்கிலீஷ் பேப்பரைப் படித்துச் சொன்னான்.

"ரேடியோ படம் வரைஞ்சு மத்தவங்களுக்குக் குடுக்கிறவன் பேரு விலாசம் பதியணும். அந்தப் படத்த வச்சு எவனாச்சும் எங்கயாச்சும் தப்பு பண்ணா, வரைஞ்சவன்தான் பதில் சொல்லணும். பேரு இல்லாத படத்தையெல்லாம் ஒப்படைச்சிடணும்."

சுப்பையன் முதலில் சிரித்தார். "நா மூங்கில மெழுகுல வேகவைக்கச் சொன்னேன். எவனோ ஒருத்தன் அந்த மூங்கிலால பக்கத்து வீட்டுக்காரன் மண்டைய ஒடைச்சா, என்னையா புடிச்சிக்கிட்டுப் போவாங்க?"

"ஆமாண்ணே, அப்படித்தான் எழுதியிருக்கு."

"நல்லா இருக்கு லா ஞாயம்! அப்ப மூங்கில் நட்டவன விட்டுட்டானே?"

ரத்தினம் அண்ணன் சிரிக்கவில்லை. "நாம போட்டது கேக்குற பெட்டிக்குப் படம். பேசுற பெட்டிக்கு ஒரு கோடுகூட இதுல இல்ல. ஆனா வாங்கிட்டுப் போறவன் வீட்ல என்னத்தச் சேத்துக் கட்டுறான்னு நா எப்படிக் கண்டேன்? காசு வாங்கி விக்கிற கடைக்குக் கேளு, ஞாயம். சும்மா குடுக்கிறவன எப்படிக் கேப்ப?"

ஏகாம்பரம் கட்டைத் தூக்கிக் காட்டி மலாயில் கேட்டார்: "இனி சியாப்பா பூனியா?" இது யாருடையது? அவரே சொல்லிக்கொண்டார்: "செமுவா ஓராங் பூனியா." எல்லோருடையதும். பிறகு, எல்லோருடையதும் என்று எழுத பேர் பதிகிற பாரத்தில் இடம் இருக்கிறதா என்று ஜெயபாலனைக் கேட்டார். இல்லை என்றான்.

ஒருவர் கட்டை எரித்துவிடலாம் என்றார். ஒருவர் ஒளித்துவைக்கலாம் என்றார். கடைசியில் ஜெயபாலன் சொன்ன வழிதான் எல்லோருக்கும் பிடித்தது. விலையில்லாமல் பொதுவில் கொடுப்பதை உத்தரவிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று மனு. அதில் பதினொரு பேரும் கையெழுத்து. முழுக் கட்டையும் சுத்தமாகப் படி எடுத்து மனுவோடு வைப்போம், ஒளிக்க ஒன்றும் இல்லை என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். அதுவரை யாரும் தனியாகப் போய்ப் பேர் பதியக் கூடாது.

சொன்னதோடு விடவில்லை. அம்மன் படத்தின் முன்னால் தட்டில் கற்பூரம் ஏற்றினோம். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அணைய அணைய மறுபடி ஏற்றிக்கொடுத்தவன் ஜெயபாலன். கடைசியில் அவனும் அணைத்தான்.

படி எடுக்கும் வேலை என்னுடையது. தையல் துணியில் கோடு போட்டுப் பழகிய கை, நேராக வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்பது நாள் உட்கார்ந்து நாற்பத்தொரு தாள் எழுதினேன். என் புத்தி போன விதத்தைப் பாருங்கள். அரசாங்கத்துக்குப் போகிற காகிதம், அம்மனுக்குக் கட்டுகிற மாலை மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பழைய தாளில் ஒவ்வொருவர் கோடும் ஒரு விதம். சுப்பையன் ஓரத்தில் மீன் வரைந்து வைத்திருப்பார். ஏகாம்பரம் ரூமியில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் மலாயாக, ஏதோ கிறுக்கியிருப்பார். ஒருவர் போட்டதை இன்னொருவர் அடித்துத் திருத்தியிருப்பார். எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை. நான் மீனை விட்டேன், கிறுக்கலை விட்டேன், அடித்ததை விட்டேன். எல்லாவற்றையும் ஒரே அளவில், ஒரே பேனாவில், அச்சடித்தது போல எழுதினேன்.

ரத்தினம் அண்ணன் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு தங்கச்சி. ஆனா யாரோ ஒருத்தரே வரைஞ்ச மாதிரி இருக்கே?"

"ஆபீசுக்குப் போறதுண்ணே. பார்க்க மரியாதையா இருக்க வேணாமா?"

"சரிதான்" என்றார்.

வியாழக்கிழமை அந்தப் படியை ஜெயபாலனிடம் கொடுத்தேன், மனுவோடு சேர்த்துக் கட்டுவதற்கு. திங்கட்கிழமை எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போனார்கள். ஜெயபாலன், லீவு கிடைக்கவில்லை, காகிதங்களை அங்கே முன்பே சேர்த்துவிட்டேன், போய்ப் பேசினால் போதும் என்று சொல்லியிருந்தான்.

அங்கே நடந்ததை எனக்கு ஏகாம்பரம்தான் வந்து சொன்னார். ஆபீசர் ஒரு கோப்பைத் திறந்து, "இது வெள்ளிக்கிழமையே பதிவாகிவிட்டதே" என்றாராம். நாற்பத்தொரு தாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'வரைந்தவர்' என்று முத்திரை, அதன் பக்கத்தில் ஜெயபாலன் பேர். மனு எதுவும் வரவில்லை. "பதினொரு பேர் வரைந்தது என்கிறீர்கள், ஒரே கையாக இருக்கிறதே" என்று ஆபீசர் கேட்டாராம். மறுப்பு இருந்தால், இதை எழுதிய கை யாருடையதோ அவரே நேரில் வந்து மூன்று மாதத்துக்குள் வாக்குமூலம் கொடுத்தால் பதிவை ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"சுப்பையன் உன் பேரைச் சொல்ல வாயெடுத்தான்" என்றார் ஏகாம்பரம், மலாயில். "ரத்தினம் அவன் கையை அமுக்கிப் பிடித்துவிட்டான். வெளியே வந்து சொன்னான்: எழுதினவங்க பேரைச் சொன்னா உத்தரவு அவங்க தலையில விழும், அது அவங்களா வந்து சொல்ல வேண்டியது, நாம மாட்டிவிடக் கூடாது."

அன்று சாயங்காலம் ஜெயபாலன் வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"துரோகம் கீரோகம்னு பேசாத அக்கா. ஒரு பேரு வேணும்னாங்க, குடுத்தேன். பதினொரு பேரையும் எழுதினா பதினொரு வீட்டுக்கும் வருவாங்க. இப்ப என் ஒருத்தன் தலையோட போச்சு. கட்டு அழியாம இருக்குல்ல?"

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா விடுவாங்களா?"

"கற்பூரத்துல கைய வச்சியேடா."

"கற்பூரம் ஆபீசுல செல்லாதுக்கா."

அவன் தலை ஒன்றும் போகவில்லை. இரண்டு மாதத்துக்குள் வேலையை விட்டுவிட்டு, டவுனில் ஒரு பெரிய ரேடியோக் கடை முதலாளியோடு கூட்டுச் சேர்ந்தான். மெழுகில் வேகவைத்த மூங்கில் சுருள், வால்வு, கம்பி எல்லாம் ஒரு பெட்டியில் வைத்து, கூடவே என் எழுத்தில் இருந்த படத்தை அச்சடித்துப் போட்டு விற்றார்கள். அவன் பேரில் பதிவானதால், அவன் அனுமதி இல்லாமல் அந்தப் படத்தை வைத்திருப்பதே குற்றம் என்று ஆனது. ஆட்கள் வந்து வீடு வீடாகப் பழைய தாள்களை எடுத்துப் போனார்கள். ரத்தினம் அண்ணன் வீட்டு ஆணியிலிருந்து கட்டையும் எடுத்தார்கள். அடுத்த நாள் குழாயடியில் மீனாச்சி அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தாளை எண்ணிப் பார்க்கணும்னு பிரிச்சாங்க. உன் தையல அறுக்கத்தான் ரொம்ப நேரமாச்சு." அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

மூன்று மாதக் கெடு இன்னும் முடியவில்லை, நான் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுதிய கை என்னுடையது, வரைந்தது பதினொரு பேர் என்று. கட்டு மறுபடி எல்லோருடையதும் ஆகும். ஆனால் பொய்யாகப் பதிந்ததற்குத் தம்பியை உள்ளே தள்ளுவார்கள். அவன் என் காலைப் பிடித்தான். அம்மா கட்டிலில் கிடந்தபடி, "அவன் போயிட்டா எனக்குக் கொள்ளி யாருடி போடுவா" என்று கேட்டார்.

கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் போகிறேன், சிவப்பு வந்தால் போகவில்லை என்று வேண்டிக் கண்ணை மூடி எடுத்தேன். வெள்ளை வந்தது. சரியாக வேண்டிக்கொள்ளவில்லை என்று மறுபடி எடுத்தேன். வெள்ளை. மூன்றாம் தடவை சிவப்பு வந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மன் எனக்கு இரண்டு முறை பதில் சொன்னாள். நான் கேட்க விரும்பிய பதில் வரும்வரை அவளை விடவில்லை.

மூன்று மாதம் கழிந்தது.

ரத்தினம் அண்ணன் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்பார். முன்பு வெயிலில் நின்று அரைமணி நேரம் பேசுகிறவர், அதைக் கேட்டுவிட்டு நடந்துவிடுவார். அம்மா அந்த வருஷக் கடைசியில் போய்ச் சேர்ந்தார். தூக்கும்போது ரத்தினம் அண்ணன் ஒரு தோள் கொடுத்தார். அடுத்த தோள் ஜெயபாலனுடையது.

அவருக்கு இன்னொரு நம்பிக்கை இருந்தது. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது, வெள்ளைக்காரன் போட்ட உத்தரவு அவனோடு போகும் என்று. பாடாங் மைதானத்தில் கூட்டம் நடந்தபோதெல்லாம் சுப்பையனையும் ஏகாம்பரத்தையும் கூட்டிக்கொண்டு போய் நின்று கை தட்டினார். ஐம்பத்தேழில் கொடி ஏறியது. அக்டோபரில் மறுபடி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அதே ஆபீசுக்குப் போனார். இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் நம் ஊர் ஆள், தமிழர். உட்காரச் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து, பழைய கோப்பை எடுத்துப் பார்த்தாராம். "சட்டம் மாறலைங்க, ஆபீசர்தான் மாறியிருக்கான். மூணு மாசக் கெடு எப்பவோ போச்சே. அந்த எழுதின ஆளு அப்பவே வந்திருக்கலாமே?" என்றாராம். சுப்பையன் இதைக் கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் என் காதில் விழும்படி சொன்னார். "வெள்ளைக்காரன் காப்பி வாங்கித் தரல, இவர் வாங்கித் தந்தாரு. அவ்வளவுதான் மெர்டேக்கா" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு ரத்தினம் அண்ணன் ரேடியோவைத் தொடவில்லை. பழுதுபட்ட பெட்டியை யாராவது தூக்கி வந்தால், "எனக்கு மறந்துபோச்சுப்பா" என்பார். ஐம்பத்தெட்டு ஜனவரியில், சிகாமாட் பக்கத்துத் தோட்டத்தில் எஞ்சின் பார்க்கும் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்தார். எந்தத் தோட்டத்தை விட்டு வந்தாரோ, அந்த மாதிரி ஒரு தோட்டத்துக்கே திரும்பிப் போனார்.

புறப்படுகிற காலையில் அம்மன் விபூதியை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். மீனாச்சி அக்கா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டார். ரத்தினம் அண்ணன் மேலே பெட்டியைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, விபூதியை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணே, நா போயிருக்கலாம். போய்ச் சொல்லியிருந்தா கட்டு உங்ககிட்டயே இருந்திருக்கும். பூப் போட்டுப் பார்த்தேன், அம்மன் போன்னுதான் சொன்னா. தம்பிக்காகப் போகாம இருந்துட்டேன். இது உங்களுக்குத் தெரியாது."

கண்டக்டர் விசில் ஊதினான். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்:

"தெரியும் தங்கச்சி. நீ போவேன்னு மூணு மாசமும் தெனம் காலையில அந்த ஆபீசு வாசல்ல போய் நின்னு பாத்துட்டுத்தான் நா வேலைக்குப் போனேன்."